தொண்ணூறில் ஒரு பங்கு வெயில்

பனையடித்துறை உப்பளத்தில் கீழ்க்கோடி மூன்று ஏக்கர் மட்டும் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடியும்போது சூரியனை விட்டு நூற்று நாற்பத்து மூன்று கோடி கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது, வரப்பு வரப்பாகத்தான் கிடந்தது, நண்டு வளையில் நண்டு இருந்தது. ஆனால் வரப்பைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தால் தலைக்கு மேல் சூரியன் கொத்தமல்லி விதை அளவுக்குச் சுருங்கி, வானம் முழுக்கக் காவி நிறத்தில் மூட்டம் போட்டு, உள்ளங்கால் சில்லிட்டு, அதே காலை வெளியே எடுத்தால் மறுபடியும் நம்ம ஊர் வெயில் மண்டையைப் பிளந்தது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். எங்கள் ஊரில் எழுந்த முதல் கேள்வி, ‘யாரைக் கேட்டுப் போச்சு?’ என்பது. இரண்டாவது கேள்வி, ‘அவர் நிலம் மட்டும் எப்படிப் போகலாம், நம்ம நிலத்துக்கு என்ன கொறச்சல்?’ என்பது. அடுத்தவன் வீட்டில் இடி விழுந்தால்கூட நம் வீட்டில் ஏன் விழவில்லை என்று வயிறு எரிகிற ஜனங்கள் நாங்கள், இதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் என்றது தவசிமுத்து அண்ணாச்சியை. பனையடித்துறையில் உப்பு விளைகிற நானூறு ஏக்கரும் அவருடையது, அதில் வாருபலகை பிடித்து உப்பு வாருகிற நாங்களும் ஏறக்குறைய அவருடையவர்கள்தான். தள்ளிப் போன இந்த மூன்று ஏக்கர் மட்டும் ஒரு காலத்தில் செந்தூர்க்கனியின் தாத்தாவுக்குச் சொந்தமாக இருந்தது. ஒரு பஞ்ச வருஷத்தில் அண்ணாச்சியின் தாத்தா இரண்டு மூடை கேப்பையோடு வந்து, பிள்ளைகள் பசித்துக் கிடக்கிறதே என்று கண்ணீர் விட்டு, கண்ணைத் துடைத்த கையோடு பத்திரத்தையும் நீட்டினாராம். ‘சூரியனும் சந்திரனும் இந்த நிலத்தின்மேல் காய்கிற நாள் மட்டும் நீரும் உம் சந்ததியும் அனுபவித்துக்கொள்ளக் கடவீர்’ என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள், என்றென்றைக்கும் என்று அர்த்தம். சூரியனைப் போய் யார் சந்தேகப்பட்டார்கள்!

கனி அந்தப் பத்திரத்தின் நகலைத் தகரப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், தாத்தாவின் நிலத்திலேயே கூலிக்கு உப்பு வாருகிறவள், தினமும் பாத்தியில் இறங்குகிறபோது கிழக்கே அண்ணாந்து பார்த்து, “நீ காயுத மட்டும் எனக்கு விடியாதுல்லா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். சூரியனால் சோறு தின்றுகொண்டு சூரியனையே முறைத்த உப்பளத்துக்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவளுக்கு வேண்டியது வேறொன்றுமில்லை, அந்த மூன்று ஏக்கர். சாவதற்குள் ஒரு தடவையாவது தன் பாத்தியில் தன் உப்பை வார வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணாச்சியைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் உதவும். அவர் வீட்டு ஆசாரத்தில், சாப்பிடும்போது விளக்கு அணைந்தால் எழுந்துவிட வேண்டும், அந்த இலையில் மறுபடியும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் ஏழு தலைமுறைக்கு ஆகாது. கனியின் கல்யாணத்தில் முதல் பந்தியில் கரண்ட் போனது. அண்ணாச்சி இலையை மடக்கிவிட்டு எழுந்தார், முதலாளி எழுந்ததால் அறுபது பேரும் எழுந்தார்கள், இரண்டே நிமிஷத்தில் கரண்ட் வந்தது, “உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்று கனியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டும் ஒருத்தர் உட்காரவில்லை. அறுபது இலைச் சோறு நாய்க்குப் போனது. மணவறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த கனி அன்றைக்கு அழுத அழுகையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தது ஜெபராணி டீச்சர், மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவர். அட்டையில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, வரப்புக்கு வெளியே நின்று வெள்ளைத்தாளில் சூரியனை விழவைத்து அளந்தார். பிறகு உள்ளே போய் அளந்தார். உள்ளே இருப்பது ஒன்பதரை மடங்கு சின்னது, ஆகவே ஒன்பதரை மடங்கு தள்ளி இருக்கிறோம், அது சனிக்கிரகத்துப் பெரிய நிலவு இருக்கிற தூரம் என்றார்.

“அந்த நெலாவுக்குப் பேரு உண்டா டீச்சர்?”

“டைட்டன்.”

“வாட்ச் பேரால்லா இருக்கு!”

டீச்சர் காதில் வாங்காமல் மேலே சொன்னார்: அங்கே வெயில் நம்ம வெயிலில் தொண்ணூறில் ஒரு பங்குதான், அதுவும் புறப்பட்டு எண்பது நிமிஷம் கழித்துத்தான் வந்து சேரும். “அப்ப பழைய வெயில்னு சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி, ஊசிப்போன மீனை மூக்கருகே கொண்டுபோனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நியாயப்படி அங்கே மூச்சுவிட முடியாது, தண்ணீர் கல்லாக உறைய வேண்டும் என்று டீச்சர் பாவம் கவலைப்பட்டார். நாங்கள் உள்ளே நின்று பீடி குடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டோம். எங்கள் ஊரில் எவன் எதை நியாயப்படி செய்திருக்கிறான், மூச்சை மட்டும் நியாயப்படி விடுவதற்கு?

ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போனது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து வரப்பில் ஒரு மைல்கல் நட்டு, இந்தப் பக்கம் ‘சூரியன் 15 கோடி கி.மீ.’ என்றும் அந்தப் பக்கம் ‘சூரியன் 143 கோடி கி.மீ.’ என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவுக்குச் சாலை போடச் சொல்லிப் பதினெட்டு வருஷமாக மனுக் கொடுத்திருக்கிறோம், அது வேறு விஷயம். உள்ளே வானத்தில் சனி பகவான் தன் வளைய ஒட்டியாணத்தைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார், உதிக்கவும் இல்லை மறையவும் இல்லை. சந்திரன்தான் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. சந்திரன் இல்லாத இடத்தில் சந்திராஷ்டமம் கிடையாதே! இது யாருக்கோ உறைத்த மறுநாளிலிருந்து, காலண்டரில் தன் நட்சத்திரம் போட்டிருந்த அத்தனை பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பாத்திக்குள் படுத்துக் கிடந்து பொழுதைக் கழித்துவிட்டுப் போனார்கள். ஏழரைச் சனி நடக்கிறவர்கள் அதற்கும் மேலே. எள் எண்ணெய் விளக்கை ஏந்திக்கொண்டு நேராகப் பகவான் முகத்துக்குக் கீழேயே போய் உட்கார்ந்து, “நாங்களே வந்துட்டோம், நீங்க எதுக்கு அலையணும்” என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

அண்ணாச்சிக்கு முதலில் சந்தோஷம்தான். உள்ளே எடை ஏழில் ஒரு பங்கு, ஏழு பேர் தூக்குகிற உப்பை ஒருத்தியே தூக்கிவிடுவாள் என்று ஆறு பேரை நிறுத்தினார். அதோடு விட்டாரா? அந்த நிலத்தில் சூரியன் உதித்து மறைய எட்டு நாள் ஆகிறது, பிறகு எட்டு நாள் இருட்டு. “நாள் கூலின்னா என்ன? சூரியன் உதிச்சு அடையுததுக்குக் கூலி. உள்ள சூரியன் ஒருதடவ அடைஞ்சா ஒரு நாள் கணக்கு” என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே, ம்ஹூம், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி அப்படி ஒரு தெளிவு. அன்றைக்குக் கனி வாருபலகையைக் கீழே வைத்தாள், அவளைப் பார்த்து எல்லோரும் வைத்தார்கள், உள்ளே உப்பும் விளையவில்லை. மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரையும் போனது, மற்றப் பாத்திகளில் மூன்று தடவை வாரிவிட்டோம், அங்கே தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

பத்திரப்படி இனி நிலம் தன்னுடையது என்று கனிக்குப் பட்டது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் என் நிலத்தைக் கொடு என்று கேட்டிருப்பாள், நான்தான் ஒரு நாளைக்கு அவளைக் கிணற்றடியில் நிறுத்தி, “கேட்டா, அதோ கொத்தமல்லி தெரியுதுல்லா, அதுதான் சூரியன்பாரு. கூலிக்கே அப்படித்தானே சொன்னாரு” என்றேன். அவள் பத்திரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது.”

“கூலியப் பத்தின்னா பேசாத.”

“கூலிய விடுங்க. மழை பேஞ்சு உப்பு கரைஞ்சா கவர்மெண்டு நிவாரணம் குடுக்கு. வெயிலே இல்லாமப் போனா குடுக்க மாட்டாவளா? நான் படிக்காதவ, சும்மாதான் கேக்கேன்.”

அண்ணாச்சி காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, தொண்ணூறில் ஒரு பங்கெல்லாம் இல்லை, முழு வெளிச்சம். “ஏட்டி கனி, ஒனக்கும் மூளை இருக்குட்டி” என்று வீட்டுக்குள் கூப்பிட்டு அவளுக்கும் காப்பி கொடுத்தார். மூன்று தலைமுறையில் அந்த வீட்டில் அவள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் காப்பி அது, சர்க்கரை போட மறந்துவிட்டார்கள்.

வைகாசியில் தாசில்தார் வந்தார். ஊரே வரப்பில் கூடியது. ஓய்வு பெறுவதற்கு ஏழு மாதம் மிச்சமிருந்த மனுஷன், சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள ஒரு சூரியன் தெரியுதேய்யா?”

“சார், அது சூரியனா? அது கொத்தமல்லி சார்! சூரியன்னா காயணும்லா? அதுல ஒரு அப்பளத்தைக் காய வச்சுக் காட்டுங்க பாப்போம். சந்திரனும் கெடையாது. வேணும்னா கேட்டுப் பாருங்க, ஊரே வந்து சந்திராஷ்டமத்துக்குப் படுத்துக் கெடக்கு.”

“எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“கையெழுத்து என்ன சார், சத்தியமே பண்ணுதேன்” என்று அண்ணாச்சி இடது உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, “இந்த மூணு ஏக்கர் மேல சூரியனும் காயல, சந்திரனும் காயல, இது சத்தியம்” என்று சொல்லி, வலது கையால் அடித்து அணைத்தார். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாசில்தார் அதையே வார்த்தை மாறாமல் எழுதி வாங்கினார், சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று என்னுடையது. என் வாழ்க்கையில் நான் போட்ட உண்மையான சாட்சி அது ஒன்றுதான்.

கையெழுத்து மை காய்கிற வரைக்கும் கனி பொறுத்திருந்தாள். பிறகு மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து ஜெபராணி டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தார்: “சூரியனும் சந்திரனும் இந்த நிலத்தின்மேல் காய்கிற நாள் மட்டும்...” அதற்கு மேல் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தார், கற்பூரக் கரி இன்னும் இருந்தது.

விட்டுவிடுவாரா? மூன்று தலைமுறை முதலாளி. “சார், ஒரு விசயம். டீச்சரே சொல்லியாச்சு, அந்த நெலமே இப்ப ஒரு சந்திரன்தான். சந்திரன் மேல சந்திரன் எப்படிக் காயும்? நெலமே சந்திரனா இருக்கும்போது சந்திரன் இல்லேன்னு எப்படிச் சொல்ல முடியும்?”

“அப்படியா அண்ணாச்சி?” என்றாள் கனி. “எங்க தாத்தா உங்க தாத்தாவுக்கு எழுதிக் குடுத்தது நெலத்தைத்தான். சந்திரனை எழுதிக் குடுக்கலையே.”

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கி, மணியைப் பார்த்து, நிலத்தைக் கனி பேருக்கும் நிவாரணத்தை அண்ணாச்சி பேருக்கும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். ஊர் உடனே தீர்ப்புக்கு ஒரு தீர்ப்பு சொன்னது: அண்ணாச்சி ஜெயித்தார், அவருக்குப் பணம், கனிக்கு இருட்டு. உப்பு விளையாத உப்பளத்தை வைத்துக்கொண்டு அவள் நாக்கு வழிக்கவா என்று கேட்டோம். அவள் முகத்துக்கு நேராகவே கேட்டோம். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது.

அண்ணாச்சி மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். கனி கடற்கரையில் மீன் வெட்டிக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். பொழுது கிடைக்கிற நேரமெல்லாம் குடம் குடமாகக் கடல்தண்ணீர் சுமந்து பாத்தியை நிரப்பினாள். பரிகாரத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு குடம் கடல்தண்ணீர் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டாள், பகவானும் அதை ஆட்சேபிக்கவில்லை. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இங்கே முப்பது நாளில் விளைகிற உப்பு, தொண்ணூறில் ஒரு பங்கு வெயிலில் விளையத் தொண்ணூறு மாதம் ஆகும். தொண்ணூறு மாதம் என்றால் ஏழரை வருஷம். “அங்க ஒரு கோடைக்காலமே ஏறக்குறைய ஏழரை வருஷம்தான் கனி, நடுவுல ஐப்பசி மழை கெடையாது” என்றார். ஏழரை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துபோனது. அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. ஏழரை வாரா, ஏழரை மீன் வெட்டுதா, ஏழரை குடத்தைத் தூக்கிட்டுப் போறா.

வெளியே ஏழு ஐப்பசி மழை பெய்து எங்கள் பாத்தி ஏழு தடவை கரைந்தது. உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை, காவி மூட்டத்துக்குக் கீழே கொத்தமல்லி சூரியன் எட்டு நாள் காய்ந்து எட்டு நாள் ஓய்ந்துகொண்டிருந்தது. நான்காவது வருஷம் ஒரு மத்தியானம் கனி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தண்ணீர் ஒரு விரற்கடைகூட வற்றியதாகத் தெரியவில்லை, முழங்கால் வலி வந்துவிட்டது, தாத்தாவைப் போலத் தானும் முட்டாள்தானோ என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

ஏழரை வருஷம் முடிந்த ஆவணி மாதத்து ஒரு காலை, மைல்கல்லின் இரண்டு பக்கமும் ‘15 கோடி’ என்று இருந்தது. யார் அழித்து எழுதினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மூட்டம் கலைந்து, சனி பகவான் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார், மூன்று ஏக்கரிலும் எங்கள் எல்லோருக்கும் சொந்தமான அதே முரட்டு வெயில் இறங்கியிருந்தது. பாத்தியில் தண்ணீர் இல்லை. அவசரமில்லாத வெயிலில் ஆற அமர விளைந்த உப்பு, கல் கல்லாக, ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமனில், உள்ளே பார்த்தால் மறுபுறத்து ஆள் தெரிகிற தெளிவில் வரப்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது. நாங்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ‘அவளுக்கு மட்டும் எப்படி விளையலாம்’ என்று கேட்கத்தான் வாய் வந்தது, வெட்கத்தில் அடக்கிக்கொண்டோம்.

கனி புதுசாக வாங்கி வைத்திருந்த வாருபலகையோடு பாத்தியில் இறங்கினாள். முதல் கல்லை அவள் தொடுவதற்குள் வரப்பில் கார் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார், அண்ணாந்து பார்த்தார், இரண்டு கையையும் தூக்கிச் சூரியனைக் கும்பிட்டார். அவர் அவ்வளவு பக்தியாகக் கும்பிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

“கனி, வெளிய வாட்டி. சூரியன் காயுது. ராத்திரி சந்திரனும் காயும். உம் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? காயுத நாள் மட்டும் அனுபவிக்கணும்னு எழுதியிருக்கு. இந்தா, காயுது. நான் அனுபவிக்க வந்துட்டேன்.”

கூட்டம் கனியைப் பார்த்தது. ஏழரை வருஷம் சுமந்த தண்ணீரெல்லாம் இந்த ஒரு பேச்சில் போய்விடும்போல இருந்தது. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கனி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, எங் கல்யாணம் ஞாபகம் இருக்கா?”

“அது எதுக்கு இப்ப?”

“கரண்டு போச்சு. எலைய மடக்கிட்டு எந்திரிச்சிய. ரெண்டு நிமிசத்துல வெளிச்சம் வந்துட்டு. எங்கப்பா உங்க கால்ல விழாத கொறையா உக்காரச் சொன்னாவ. என்ன சொன்னிய?”

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“விளக்கு அணைஞ்ச எலையில திரும்ப உக்காந்தா ஏழு தலைமுறைக்கு ஆகாதுன்னு சொன்னிய. அறுபது பேரு எந்திரிச்சுப் போனாவ, இந்தா நிக்காவளே, எல்லாரும்தான்.” கனி வாருபலகையைப் பாத்திக்குள் ஊன்றினாள். “இந்த எலையில வெளக்கை அணைச்சது நானில்ல. உங்க கையாலே கற்பூரத்தை அணைச்சிய. இப்ப வெளிச்சம் வந்துட்டு. உக்காருதியளா அண்ணாச்சி? உக்காருங்க.”

அண்ணாச்சி பாத்தியைப் பார்த்தார். வரப்புக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு சாண்தான், நூற்று நாற்பத்து மூன்று கோடியெல்லாம் இல்லை. பின்னால் காரில் அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவர் அதுகளைத் திரும்பிப் பார்த்தார், வாய்க்குள்ளேயே ஏழு வரைக்கும் எண்ணுகிறவர் மாதிரி உதடு அசைந்தது, தூக்கிய காலை வரப்பிலேயே வைத்தார்.

“உப்பு நல்லாத்தான் வெளஞ்சிருக்கு” என்றார் கடைசியில், யாரிடமோ சொல்கிற மாதிரி.

கனி முதல் கல்லை வாரி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தாள். உப்பை ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குக் கொடுக்கக் கூடாது, பகை வரும் என்பது எங்கள் வழக்கம், ஆகவே அதை வரப்பில் அவருடைய காலடியில் வைத்துவிட்டு, “வீட்டுக்குக் கொண்டுபோங்க அண்ணாச்சி, சர்க்கரை போடாத காப்பிக்கு” என்று சொல்லித் திரும்பி உப்பு வாரத் தொடங்கினாள். அண்ணாச்சி எங்கள் எல்லோர் முன்னாலும் குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.